மாத்தளை பஸ்ஸில் அளவையியல்

மாத்தளைக்கு நான் போனது ஓர் அறையை அளக்க. பெட்டியில் நான்கு பருத்திப் புடவைகள், வயிற்று மாத்திரை, ஒரு பை முறுக்கு, அப்புறம் பல்கலைக்கழகம் கொடுத்தனுப்பிய இஞ்ச் டேப். கட்டுநாயக்க விமான நிலையத்தில் சுங்க அதிகாரி முறுக்கை விட்டுவிட்டு டேப்பை எடுத்து இழுத்துப் பார்த்தார். தையல் வேலைக்கு வந்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை, தத்துவப் பேராசிரியை என்றேன். டேப்பை மெதுவாகச் சுருட்டி என் கையில் வைத்து, மேலே ஒன்றும் கேட்காமல் அனுப்பிவிட்டார்.

விஷயம் இதுதான். மதுரைப் பக்கம் இருக்கிற எங்கள் பல்கலைக்கழகத்துக்கு 'வாழ்நாள் கல்வி' என்று ஒரு திட்டம் உண்டு. எந்த வயதிலும் சேரலாம், வேலையை விடாமல் படிக்கலாம். சுவரொட்டியில் தலை நரைத்த தம்பதி ஒரு மடிக்கணினியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்தத் திட்டத்தில் மாத்தளையிலும் ஒரு மையம் இருக்கிறது. பாடம் நடத்துவது உள்ளூர் ஆசிரியர், தேர்வு எங்களுடையது. முதல் அணி கடைசி ஆண்டுக்கு வந்த பிறகு, மையத்தை யாருமே நேரில் பார்த்ததில்லை என்பது யாருக்கோ ஞாபகம் வந்தது.

பதினெட்டு வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதிய விதிகளைத்தான் இந்தத் திட்டத்துக்கும் மாட்டிவிட்டிருந்தார்கள். சைக்கிள் நிறுத்துமிடம் வேண்டும், விளையாட்டு மைதானம் வேண்டும், ராகிங் தடுப்புக் குழு வேண்டும். அறுபது வயதுக்காரரை யார் ராகிங் செய்வார்கள் என்று கேட்டேன். விதி இருக்கிறதே என்றார்கள். இவற்றையெல்லாம் ஒப்புக்கு வைத்துக்கொள்ளலாம், ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. ஒரே அறையில், குறைந்தது பத்து மாணவர்கள், இடைவிடாமல் ஒரு மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்திருப்பதை நான் கண்ணால் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் மையம் மூடப்படும். அத்தனை பேரின் மூன்று வருடப் படிப்பும் செல்லாது.

முதல் நாள் மாத்தளை பஸ் நிலையத்தில் இர்பான் காத்திருந்தார். மையத்தின் பொறுப்பாளர், ஆசிரியர், பியூன் எல்லாம் அவரே. முப்பதைத் தாண்டியிருக்கமாட்டார். காலையில் ஊர்ப் பள்ளிக்கூடமொன்றில் படிப்பிக்கிறார். என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, "பசியோட இருப்பீங்க மிஸ், மொதல்ல சாப்பிடுவோம்" என்று ஒரு சைவக் கடைக்குள் நுழைந்தார்.

உட்கார்ந்த உடனே, நாங்கள் எதுவும் கேட்காமலேயே ஒரு பெரிய தட்டு வந்தது. உளுந்து வடை, கடலை வடை, சமோசா, ரோல்ஸ், சீனி தூவிய பணிஸ். எவ்வளவு அன்பான ஊர் என்று நெகிழ்ந்துபோனேன். வைத்ததை மிச்சம் வைப்பது மரியாதையில்லை என்று வளர்த்திருக்கிறார்கள். எனவே ஒவ்வொன்றாகத் தின்றேன். தட்டு காலியானதும் கடைக்காரர் இன்னொரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். இர்பான் பால் விடாத ஒரு பிளேன்டீயை வைத்துக்கொண்டு என்னை மிரட்சியோடு பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தட்டைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"போதும்னு எப்படிச் சொல்றது?" என்று ரகசியமாகக் கேட்டேன்.

"சும்மா எழும்பிப் போகலாம் மிஸ். இங்க தட்ட அப்பிடியே வச்சிருவாங்க. வேண்டியத எடுத்துக்கிட்டு மிச்சத்த விட்டுட்டா சரி. தின்னதுக்கு மட்டுந்தான் கணக்கு."

"இதை முதலிலேயே சொல்லக்கூடாதா?"

"இந்தியாவுல இப்பிடித்தான் சாப்பிடுவாங்களாக்கும்னு நெனச்சேன் மிஸ்."

அன்று இரவு வயிற்று மாத்திரை எல்லாம் தீர்ந்துபோயின. படுத்தபடி யோசித்தேன். எங்கள் பல்கலைக்கழகம் போடுவது இலைச் சாப்பாடு. உட்கார்ந்தால் பாயசம் வரை சாப்பிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். நடுவில் எழுந்தால் அவமானம், மறுபடி வந்தால் திரும்பவும் உப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இங்கே ஒரு வடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகலாம், நாளைக்கு வந்து ரோல்ஸ் எடுத்துக்கொள்ளலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு எப்படிப் பாடம் வைக்க வேண்டும் என்பது மூன்று கருத்தரங்குகளில் எனக்குப் புரியாமல் அஜீரணத்தில் புரிந்தது.

இரண்டாம் நாள் காலை இர்பான் வகுப்பறையைக் காட்டினார். அசந்துபோனேன். நூறு நாற்காலிகள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஊதா நிறச் சாட்டின் முடிச்சு. மேடையில் சிம்மாசனம் போல இரண்டு ஆசனங்கள். சுவரில் பொன்னிற எழுத்தில் யாரோ இருவருடைய பெயரின் முதலெழுத்துகள். டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்தேன். ஒரு பக்கச் சுவருக்கே டேப்பை ஏழெட்டுத் தடவை வைத்தெடுக்க வேண்டியிருந்தது.

"மாணவர்கள்?"

"வருவாங்க மிஸ்."

யாரும் வரவில்லை. பிரியாணி சட்டியைத் தேடிக்கொண்டு ஒருவர்தான் வந்தார். அவர் இர்பானைப் பார்த்து, "மச்சான், பந்திக்கு முந்தி ஹோல விட்டுருவீங்கதானே?" என்றார்.

இர்பானின் முகம் வாடிப்போயிற்று. "மிஸ், எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல. இது மச்சானோட கல்யாண ஹோல். எங்களுக்கு ரூம் இல்ல. ஆனா வகுப்பு இருக்கு, சத்தியமா இருக்கு. நாளைக்குக் காட்டுறேன். அத அளக்க ஏலுமான்னுதான் தெரியல்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கடல் தாண்டி வந்து கல்யாண மண்டபத்தை அளந்துவிட்டு நிற்கிறேன். அறை இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு, மிச்ச நாட்களுக்கு ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவது என்று முடிவெடுத்தேன். விடுதிக்கு வந்து அந்த வரியை எழுதியும் விட்டேன்.

சாயந்தரம் ஒரு பெண்மணி என்னைத் தேடி வந்தார். அறுபதுக்கு மேல் இருக்கும். கையில் ஒரு பை நிறைய கறிமிளகாய். தம்புள்ளைச் சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருப்பதாகவும், பெயர் ராஜேஸ்வரி என்றும், இர்பான் சேரின் மாணவி என்றும் சொன்னார். பையை மேசையில் வைத்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"மிஸ், நீங்க என்னத்த வேணும்னாலும் எழுதுங்க. என் விஷயத்தக் கேட்டுட்டு எழுதுங்க."

"சொல்லுங்க."

"எங்க வீட்டுக்காரரு போனப்ப மாத்தளை முழுக்க மரண அறிவித்தல் ஒட்டுனாங்க. 'பிரபல மரக்கறி வர்த்தகர்'னு போட்டிருந்தாங்க. அவரு கடையில உக்காந்து பேப்பர் படிச்சாரு. யாவாரம் பாத்தது நான். அதுல நான் யாரு? அன்னாரின் அன்பு மனைவி. நாளைக்கு எனக்கு ஒட்டுறதுலயும் அதேதான். இன்னாரோட மனைவி, இன்னாரோட அம்மா, இன்னாரோட மாமியாரு. மருமக கிராஜுவேட், அவ பேருக்குப் பின்னால பி.ஏ. போடுவாங்க. என்னோட சாவு நோட்டீசுல அவளுக்கு பி.ஏ., எனக்கு ஒண்ணுமில்ல!"

"உடம்புக்கு ஏதாவது..."

"சீச்சீ. கல்லு மாதிரி இருக்கேன். ஆனா உங்க யூனிவர்சிட்டி போற வேகத்துக்கு இப்பவே ஆரம்பிச்சாத்தான் சரிவரும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. ஒரு கணத்தில் எனக்கு வெட்கமாகப் போயிற்று. சுவரொட்டியில் சிரிக்கிற அந்தத் தம்பதியை எனக்கு ஏன் பிடிக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. அவர்கள் பொழுதுபோகாமல் படிக்கிறவர்கள். இந்த அம்மாள் பெயருக்காகப் படிக்கிறார். அவர் போனதும் எழுதிய வரியை அடித்தேன். கறிமிளகாயைச் சமைக்க வழியில்லாததால் விடுதிக்காரரிடம் கொடுத்தேன். மறுநாள் காலை அது பாண் என்கிற ரொட்டியோடு பொரியலாக வந்தது.

மூன்றாம் நாள், ஏன் பொது இடத்தில் வகுப்பு வைக்க முடியவில்லை என்று எனக்குப் புரியவைப்பதற்காக இர்பான் அரை நாள் லீவு போட்டு என்னை வடக்கே கூட்டிப் போனார். முதலில் சீகிரியா. அங்கே ஒரு ஹோட்டல் சமையலறையில் நவாஸ் என்ற மாணவர் பப்பாளிப் பழத்தை அன்னமாகச் செதுக்கிக்கொண்டிருந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரமுடியாதா?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம கொழும்பே இங்க வந்து மலை ஏறும் மிஸ்."

"பௌர்ணமிக்கு நாடே லீவாமே. போயா நாள்?"

"அன்னைக்கு ரெண்டு கொழும்பு வரும்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை. மற்ற நாளெல்லாம் தம்புள்ளைச் சந்தை. அந்தச் சந்தையையும் பார்த்தேன். எங்கள் மாட்டுத்தாவணிச் சந்தையில் மனிதர்கள் நடக்கக் கொஞ்சம் இடமாவது விடுவார்கள். இங்கே லொறிக்கும் லொறிக்கும் நடுவில் போஞ்சி என்கிற பீன்ஸ் மூட்டை, மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவில் பேரம். ராஜேஸ்வரியம்மா கேரட் குவியலுக்குப் பின்னாலிருந்து, "பாத்து வாங்க மிஸ், பூசணி வருது!" என்று கத்தினார். திரும்புவதற்குள் ஒரு பூசணிக்காய் என் தலைக்கு மேலே பறந்து போய் இன்னொருவர் கையில் விழுந்தது. இப்படி ஆளுக்கொரு பக்கம் வேலை. மையத்தின் பதினோரு மாணவர்களுக்கும் பொதுவாக ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. எல்லோரும் மாத்தளைக்காரர்கள், எல்லோரும் சாயந்தரம் தம்புள்ளையிலிருந்து ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறார்கள்.

"அப்ப வகுப்பு...?"

"பஸ்ஸுலதான் மிஸ்" என்றார் இர்பான். தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் இவர் தம்புள்ளைக்கு பஸ் ஏறி வருவாராம். அங்கே இவருக்கு ஒரு வேலையும் கிடையாது. திரும்பிப் போவதற்காகவே வருகிறார்.

பஸ்ஸில் ஏறினோம். சிங்களக் கொண்டக்டர் படியில் நின்று ஏதோ கூவினார். பக்கத்தில் இருந்த நவாஸ் மொழிபெயர்த்தார்: "படிக்கிறவங்க முன்னுக்கு, தூங்குறவங்க பின்னுக்கு." நான் கடமை தவறாதவள். டேப்பை எடுத்து பஸ்ஸை அளந்தேன். மடியில் பலாப்பழம் வைத்திருந்த ஒரு முதியவர் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். "பஸ்ஸ அகலமாக்கப் போறாங்களா மக?" என்று ஆசையோடு கேட்டார். அவர் மாணவர் அல்ல, வெறும் பயணி. அவரை ஏமாற்ற மனமில்லாமல், ஆலோசிக்கிறார்கள் என்று சொல்லிவைத்தேன்.

பஸ் கிளம்பியது. இர்பான் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்து நின்றார். வரவைக் கூப்பிட்டார்.

"ராஜேஸ்வரி?"

"இருக்கேன் சேர்."

"நவாஸ்?"

"இருக்கேன் சேர்."

"சுப்பையா?"

நீண்ட ஹார்ன் ஒன்று அடித்தது. நான் பதறிப்போய் எழுந்தேன். சுப்பையா என்பது டிரைவர். மூன்று வருடமாக ஒரு வகுப்பும் தவறவிடாத ஒரே மாணவர் அவர்தானாம். புரிந்தால் ஒரு ஹார்ன், புரியாவிட்டால் இரண்டு. இரண்டு அடித்தால் இர்பான் திரும்பவும் விளக்குவார், எதிரே வருகிற லொறியும் ஒதுங்கிக்கொள்ளும்.

அன்றைய பாடம் அளவையியல். நம் ஊரில் தர்க்கம் என்போம்; தத்துவத்துக்கும் இங்கே மெய்யியல் என்று பெயர். இரண்டு கூற்றுகளை ஒப்புக்கொண்டால் மூன்றாவதை மறுக்க முடியாது என்பதை இர்பான் அழகாக ஆரம்பித்தார். நானே இருபது வருடமாக நடத்துகிற பாடம், ஆனால் ஒரு வளைவில் இடதுபக்கம் சாய்ந்துகொண்டு நடத்தியதில்லை.

"முதல் கூற்று. எல்லா மனிதரும் இறப்பவர்கள்."

பஸ் அந்த நேரம் பார்த்து ஒரு லொறியை முந்திக்கொண்டிருந்தது. பின்சீட்டில் ஓர் அம்மாள் "முருகா" என்று தாலியைத் தொட்டுக்கொண்டார். பலாப்பழக்காரர் எழுந்துவிட்டார். "ஏன் தம்பி, ஓடுற பஸ்ஸுல பேசுற பேச்சா இது? வேற ஒண்ணும் கெடைக்கலியா?"

"பாடத்துல அப்பிடித்தான் இருக்கு ஐயா."

"பாடத்த மாத்தச் சொல்லுங்க!"

இர்பான் என்னைப் பார்த்தார். பாடத்திட்டக் குழுவில் நான் இருக்கிறேன் என்பதை வெளியே காட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு தொடர்ந்தார். "இரண்டாவது கூற்று. ராஜேஸ்வரி அக்கா ஒரு மனிதர். ஆகவே..."

கீழே எங்கோ 'டமார்' என்றது. பஸ் இரண்டு முறை இருமிவிட்டு, நாலந்தாவைத் தாண்டிய ஒரு மரத்தடியில் நின்றது. எல்லோரும் இர்பானைத் திரும்பிப் பார்த்தார்கள். கொண்டக்டர் சிங்களத்தில் சொன்னதற்கு எனக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. மாஸ்டர் பஸ்ஸைக் கொன்றுவிட்டார் என்றார்.

சுப்பையா இறங்கிப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, இன்றைக்கு இது நகராது என்றார். கொஞ்ச நேரத்தில் பின்னால் இன்னொரு பஸ் வந்தது. கொண்டக்டர் அதை நிறுத்தி, எல்லோரையும் மாறி ஏறச் சொன்னார். மடமடவென்று இறங்க ஆரம்பித்தார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் பாதிதான் ஆகியிருந்தது. அந்த பஸ்ஸில் கால் வைக்கவே இடமில்லை, அங்கே வகுப்பு நடக்காது. நடந்தாலும் அது வேறு அறை. மறுநாள் எனக்கு விமானம். என் முகத்தைப் பார்த்தே இர்பானுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பாவம், கம்பியை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

ராஜேஸ்வரியம்மா எழுந்திருக்கவில்லை.

"சேர், 'ஆகவே'னுட்டு பாதியில விட்டுட்டீங்க."

"அக்கா, இந்த பஸ்ஸ விட்டா அடுத்தது எப்ப வரும்னு தெரியாது."

"வரும்போது வரட்டும். என்னைய வச்சுத்தானே ஆரம்பிச்சீங்க? முடிங்க."

இறங்கப் போன நவாஸ் திரும்பி வந்து உட்கார்ந்தார். அவர் பின்னால் இன்னும் இருவர், பிறகு மற்றவர்கள். பகல் முழுக்க மூட்டைகளோடும் அடுப்போடும் மல்லுக்கட்டியவர்கள், வீட்டுக்குப் போக பஸ் வாசலில் நிற்கிறது, ஒருவரும் போகவில்லை. எங்கள் வளாகத்தில் மணி அடிப்பதற்கு முன்பே செருப்பைத் தேடுகிற பிள்ளைகளைத்தான் எனக்குத் தெரியும்.

சுப்பையா கைகழுவிவிட்டுப் பின்கதவால் ஏறி வந்து முதல் சீட்டில் அமர்ந்தார். இர்பானை உற்றுப் பார்த்தார்.

"இத்தன நாளும் சேரோட குரல மட்டுந்தான் கேட்டேன். மீசை இருக்கும்னு நெனச்சேன்."

பலாப்பழக்காரர் ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றார். கொண்டக்டர் அவசரப்படுத்தினார். முதியவர் அவரைத் தள்ளிவிட்டு மேலே ஏறினார். "அந்தப் பொம்பள சாவாளா மாட்டாளான்னு தெரியாம நான் எப்பிடி வீட்டுக்குப் போறது?" என்று பலாப்பழத்தைத் திரும்பவும் மடியில் வைத்துக்கொண்டார்.

மற்ற பஸ் போய்விட்டது. கொசு வந்தது. இர்பான் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து இரண்டு கூற்றுகளையும் சொன்னார். "ஆகவே? யாராவது சொல்லுங்க."

ராஜேஸ்வரியம்மா எழுந்து நின்றார். பதிலை இர்பானுக்குச் சொல்லாமல் எனக்குச் சொன்னார்.

"ஆகவே ராஜேஸ்வரியும் சாவா. அது சரிதான் மிஸ். ஆனா எப்பன்னு இந்தக் கூற்றுல இல்ல. அதனால நீங்க கொஞ்சம் சீக்கிரமா எழுதிக் குடுங்க."

"முடிவு சரி அக்கா" என்றார் இர்பான். "கடைசி வாக்கியம் மட்டும் பாடத்துல இல்ல."

சுப்பையா எழுந்து போய் ஒரு ஹார்ன் அடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வகுப்பு தொடர்ந்து நடந்தது. பூனை, நாய், மரக்கறி எல்லாவற்றையும் வைத்துக் கூற்றுகள் அமைத்தார்கள். ஒரு மணி நேரம் முடிந்ததும் பலாப்பழக்காரர், வகுப்பு நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் பசிக்கிறது என்று சொல்லிப் பழத்தை அறுத்தார். அடுத்த பஸ் வரும்வரை கையெல்லாம் பிசினோடு பழம் தின்றோம். என் டேப்பிலும் ஒட்டிக்கொண்டது, இன்னும் அது முழுசாகச் சுருளமாட்டேன் என்கிறது.

ஊர் திரும்பி அறிக்கை எழுதினேன். அறை: உண்டு. காற்றோட்டம்: மிக அதிகம். தீயணைப்புக் கருவி: டிரைவர் காலடியில். விளையாட்டு மைதானம்: இரு பக்கமும் மாத்தளை மாவட்டம். கூடவே, சைவக் கடைத் தட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். வேண்டிய பாடத்தை வேண்டிய நேரத்தில் எடுத்துக்கொள்ளட்டும், விட்ட இடத்திலிருந்து பிறகு தொடரட்டும், மாணவர் இருக்கிற இடத்துக்கு வகுப்பு போகட்டும் என்றெல்லாம். குழுக் கூட்டத்தில் அந்த இரண்டு பக்கத்தை யாரும் திருப்பவே இல்லை. பஸ் அறையாகுமா என்று மட்டும் விவாதித்தார்கள். ஒருவர் அறைக்குச் சக்கரம் இருக்கக்கூடாது என்றார், இன்னொருவர் விதியில் அப்படி இல்லை என்றார். கடைசியில் துணைவேந்தர், வாடகை எவ்வளவு என்று கேட்டார். வாடகை கிடையாது என்றேன். உடனே அங்கீகாரம் கிடைத்தது. இப்போது மற்ற ஊர் மையங்களும் பஸ்ஸுக்கு மாற முடியுமா என்று கேட்டு எனக்கே கடிதம் வந்திருக்கிறது.

தேர்வு முடிவுகள் வந்து சில வாரங்கள் கழித்து என் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. கறுப்புக் கரை போட்ட மரண அறிவித்தல். பெரிய எழுத்தில் 'திருமதி ராஜேஸ்வரி, பி.ஏ. (மெய்யியல்)' என்று இருந்தது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு வரியாகப் படித்தேன். 'தம்புள்ளை மரக்கறி வர்த்தகர்' என்பது அவர் பெயருக்குக் கீழேயே இருந்தது. கணவர், பிள்ளைகள், மருமகள் எல்லோரும் அதற்குப் பிறகுதான். தேதி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள்.

பின்னாலேயே அவருடைய குரல் வந்தது. பின்னணியில் லொறி ஹார்ன்.

"மிஸ், அச்சுக்கூடத்துல மாதிரி அடிச்சுக் குடுத்தாங்க. எழுத்துப் பிழை இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. பி.ஏ.க்குப் பக்கத்துல ரெண்டு விரல் அகலம் சும்மா கெடக்கும், அது பிழை இல்ல, நான்தான் விடச் சொன்னேன். எம்.ஏ. எப்ப ஆரம்பிக்கிறீங்க? அந்த எடம் நெறையிற வரைக்கும் இத ஒருத்தனையும் செவத்துல ஒட்ட விடமாட்டேன்."